சுழன்று இறங்கும் நீர்

நம் வீடுகளில் வெறும் போத்தல் ஒன்று எங்கேனும் ஒரு மூலையிற் கிடக்கும். கழுத்துக் குறுகிய போத்தலாயின் மிக நன்று. அதிற் கழுத்துவரை நீரை நிரப்பி ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் முழுவதும் உடனே கொட்டிவிடுவதில்லை. சிறிது நீர் வெளிவரும், பின் தயங்கும், காற்றுக் குமிழி ஒன்று 'குளுக்' என்ற ஓசையோடு உள்ளே ஏறும், மறுபடியும் சிறிது நீர் வரும். வெளியேற விரும்பும் நீரும் உள்ளே நுழைய விரும்பும் காற்றும் அந்தக் குறுகிய வாயில் நின்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. போத்தலைப் பிடித்திருக்கும் கை அந்தப் போராட்டத்தின் அதிர்ச்சியை உணரும்.

இரண்டாம் முறையும் அதே போத்தலை நிரப்புங்கள். கவிழ்த்தவுடனே கையால் இரண்டு மூன்று தரம் வட்டமாகச் சுழற்றிவிடுங்கள். இப்போது நடப்பது வேறு. நீர் சுழன்றுகொண்டு போத்தலின் சுவரை ஒட்டி இறங்குகின்றது. நடுவிலே ஒரு வழி திறக்கின்றது. அவ்வழியே காற்று தடையின்றி மேலே செல்கின்றது. அதிர்ச்சியுமில்லை, ஓசையுமில்லை, முன்னையிலும் விரைவாகப் போத்தல் வெறுமையாகிவிடுகின்றது. நீரும் அதே நீர். போத்தலும் அதே போத்தல். இறங்கும் விதம் ஒன்றே மாறியது.

ஒரு போத்தலிற் காணும் இந்தச் செய்தி, மாநகரங்களின் கழிவுநீரை நிலத்தின் ஆழத்துக்கு இறக்கும் கலையின் உயிர்நாடியாக இன்று விளங்குகின்றது. அந்தக் கலை ஏன் பிறக்க வேண்டியதாயிற்று, எவ்வாறு பிறந்தது, தேவையும் அறிவும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு ஏன் இத்தனை காலம் சென்றது என்பனவற்றை இலண்டன் மாநகரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

1858 ஆம் ஆண்டின் கோடைகாலம். இலண்டனில் அப்போது ஏறத்தாழ 25 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய கழிவு முழுவதற்கும் இறுதி இடமாக இருந்தது தேம்ஸ் நதி. முன்னாளில் அந்நகரத்தார் வீட்டின் கீழே குழி வெட்டி அதிற் கழிவைச் சேர்த்துவைத்தனர். இரவில் ஆட்கள் வந்து அதனை அள்ளிச்சென்று கமக்காரருக்கு உரமாக விற்றனர். பின்னர் நீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடங்கள் பரவலாயின. கழிவோடு பெருந்தொகையான நீரும் சேர்ந்ததால் குழிகள் நிரம்பி வழிந்தன. மழைநீருக்கென்று அமைந்திருந்த பழைய வடிகான்களோடு வீடுகளை இணைத்தார்கள். அந்த வடிகான்களோ நேரே ஆற்றில் விழுந்தன. அதே ஆற்றிலிருந்துதான் மக்களிற் பலருக்குக் குடிநீரும் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இதன் அபாயத்தை முன்கூட்டியே சொன்னவர்கள் இல்லாமலில்லை. 1855 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், விஞ்ஞானி மைக்கேல் பரடே நீராவிப் படகொன்றில் தேம்ஸ் நதி வழியே சென்றார். வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து ஆற்றில் இட்டுப் பார்த்தார். அவை ஓர் அங்குல ஆழம் அமிழுமுன்னரே கண்ணுக்குப் புலப்படாது மறைந்தன. அதைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். மருத்துவர் ஜோன் ஸ்னோ என்பவர், 1854 இல் சோஹோப் பகுதியிலே கொலராவினால் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களிற் பெரும்பாலோர் பிரோட் வீதியிலிருந்த ஒரே நீர்க்குழாயின் நீரைப் பருகியவர்கள் என்று காட்டினார். கொலரா காற்றினாலன்று, மாசடைந்த நீரினாலேயே பரவுகின்றது என்பது அவர் கொள்கை. 1848, 1849 ஆம் ஆண்டுகளில் இலண்டனில் 14,000 பேருக்கு மேலும், 1853, 1854 இல் 10,000 பேருக்கு மேலும் அந்நோய்க்கு இரையாகியிருந்தனர். ஆயினும் கெட்ட காற்றே நோயின் காரணம் என்ற பழைய எண்ணம் அறிஞர்களையும் ஆட்சியாளரையும் விட்டு நீங்கவில்லை.

பரடேயின் கடிதம் செய்யாததையும், ஸ்னோவின் கணக்கு செய்யாததையும் 1858 இன் வெப்பம் செய்தது. ஆறு புழுங்கி நாறியது. அக்காலத்தவர் அதனைப் 'பெருநாற்றம்' என்றே பெயரிட்டு அழைத்தனர். ஆற்றங்கரையிலிருந்த பாராளுமன்றக் கட்டிடத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டனர். அங்கத்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைகளை விட்டு ஓடினர். யூலை 15 ஆம் தேதி டிஸ்ரேலி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஓகஸ்ட் 2 ஆம் தேதி அது சட்டமாயிற்று. பல்லாண்டுகளாகப் பேசிப் பேசித் தள்ளிவைத்த காரியம் 18 நாளில் முடிந்தது. ஏழைகளின் தெருக்களிலே ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது அசையாத கை, தன் மூக்கருகே நாற்றம் வந்தபோது அசைந்தது.

அந்தக் கோடையிலேயே, யூன் 16 ஆம் தேதி, ஜோன் ஸ்னோ தமது 45 ஆவது வயதிற் காலமானார். தம் கொள்கை வென்றதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதே 1858 ஆம் ஆண்டில் வேறொரு நாட்டிலே, இலண்டனின் சாக்கடையோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஒரு காரியமும் நடந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் கணித சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் மருத்துவம் பயின்றவர்; உடற்றொழிலியல் போதித்த பேராசிரியர். அந்தக் கட்டுரையோ நீர் முதலிய பாய்பொருள்களின் சுழற்சியைப் பற்றியது. உராய்வில்லாத ஒரு பாய்பொருளிற் சுழற்சி தானே தோன்றுவதுமில்லை, தோன்றியிருப்பின் தானே அழிவதுமில்லை என்பதையும், சுழியின் இழை பாய்பொருளின் நடுவே அறுந்து முடிய முடியாது, அது எல்லைச் சுவரிற் சென்று முடிய வேண்டும் அல்லது தன்னோடு தானே கூடி வளையமாக வேண்டும் என்பதையும் அவர் கணித வாயிலாக நிறுவினார்.

அதற்கு முன்னரும் சுழியைக் கூர்ந்து நோக்கியவர்கள் இருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இத்தாலிய ஓவியர் லெயொனார்டோ டா வின்சி ஓடும் நீரின் சுழிகளைச் சுருண்ட கூந்தலுக்கு ஒப்பிட்டு வரைந்துவைத்தார். எனினும் சுழிக்கு ஒழுங்கான விதிகள் உண்டு என்று கணித மொழியிற் காட்டிய பெருமை ஹெல்ம்ஹோல்ட்ஸைச் சார்ந்தது. படகோட்டிகள் அஞ்சி விலகும் நீர்ச்சுழி அன்றிலிருந்து அறிவியலின் ஒரு பொருளாயிற்று.

நேயர்களே, ஒரே ஆண்டிலே இலண்டனிற் சாக்கடைப் பிரச்சினை சட்டத்துக்கு வந்தது. ஜேர்மனியிற் சுழியின் விதிகள் அச்சுக்கு வந்தன. அவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் நடந்தது என்ன?

இலண்டனின் பொறுப்பு ஜோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் வகுத்த திட்டம் எளிமையும் பெருமையும் ஒருங்கே பொருந்தியது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி ஓடும் பழைய வடிகான்களை, ஆற்றுக்குச் சமாந்தரமாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் புதிய பெருங்கால்வாய்களால் இடைமறிப்பதே அத்திட்டம். நகருக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுசென்று, ஆற்றின் வற்றுப் பெருக்கோடு கழிவு கடலை நோக்கிப் போகும்படி விடுவது அவர் நோக்கம். 82 மைல் நீளமான பெருங்கால்வாய்கள். அவற்றோடு சேரும் 1,100 மைல் நீளமான தெருக்கால்வாய்கள். 31 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள். அக்காலத்திற் புதியதாயிருந்த போட்லண்ட் சீமெந்தை அவர் துணிந்து பயன்படுத்தினார். ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பின்னரே ஏற்றுக்கொண்டார்.

நீரை ஓடவைக்கும் விசையாக அவர் நம்பியது நிலத்தின் ஈர்ப்பையே. மைலுக்கு இரண்டடி என்ற அளவிற் சாய்வு கொடுத்து நீரை மெல்ல நடத்தினார். தாழ்ந்த இடத்தை அடைந்த நீரை நீராவி இயந்திரங்கள் மேலே தூக்கின. 1865 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் தேதி குரொஸ்னெஸ் என்னுமிடத்திலே வேல்ஸ் இளவரசர் அந்த இயந்திரங்களைத் தொடக்கிவைத்தார்.

அந்த வேலையின் பயன் மறு ஆண்டிலேயே தெரிந்தது. 1866 இற் கொலரா மீண்டும் இலண்டனுக்கு வந்தது. புதிய கால்வாய்கள் முடிந்திருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. வேலை முடியாதிருந்த கிழக்குப் பகுதியிலோ 5,000 பேருக்கு மேல் மாண்டனர். ஸ்னோ சொன்னது சரியென்று அந்தப் பிணங்களே சாட்சி கூறின. அதன் பின் கொலரா இலண்டனிற் கொள்ளைநோயாகத் தலைகாட்டவில்லை. கெட்ட காற்றைப் போக்குவதற்கென்று கட்டிய கால்வாய், நீரைத் தூய்மை செய்து உயிர்களைக் காத்தது. தவறான காரணத்துக்காகச் செய்யப்பட்ட சரியான காரியம் என்று இதனைச் சொல்லலாம்.

பசல்கெற்றைப் பாராட்டாதார் இல்லை. ஆற்றங்கரையிலே அவருக்கு வைத்த சிலையின் கீழ், ஆற்றுக்கு விலங்கிட்டவர் என்று பொருள்பட இலத்தீன் மொழியிற் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பாராட்டு முற்றும் தகும். ஆனால் வரலாற்றை ஆராய்வோர் அவருடைய திட்டத்தில் இருந்த இரண்டு விடயங்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

முதலாவது, கழிவு அழிக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. நகருக்குக் கிழக்கே அது அப்படியே ஆற்றில் விடப்பட்டது. 1878 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் தேதி மாலை, அந்தக் கழிவு வாய்களுக்கு அண்மையிலே 'பிரின்சஸ் அலிஸ்' என்னும் உல்லாசப் படகு வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. ஏறத்தாழ 650 பேர் இறந்தனர். நீரில் விழுந்தவர்கள் சற்றுமுன் திறந்துவிடப்பட்ட சாக்கடையினுள்ளே விழுந்தார்கள். அதன்பின் எழுந்த கண்டனங்களும் விசாரணைகளும் காரணமாக, திடக்கழிவைப் பிரித்தெடுத்துக் கப்பலேற்றி நடுக்கடலிற் கொட்டும் முறை 1887 இல் வந்தது. முதற் கப்பலுக்குப் பசல்கெற்றின் பெயரையே இட்டனர். அந்த முறை 1998 வரை நீடித்தது. நகரிலிருந்து ஆற்றின் முகத்துக்கும், முகத்திலிருந்து கடலுக்குமாகக் கழிவு தள்ளித் தள்ளி வைக்கப்பட்டதேயன்றித் தீர்க்கப்படவில்லை.

இரண்டாவது, அவருடைய கால்வாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடின. பெருமழை பெய்யும்போது கால்வாய்கள் கொள்ளாவிடில், கழிவு வீடுகளுக்குள்ளே திரும்பி ஏறிவிடும். அதைத் தடுக்க, மிகுதியான நீர் ஆற்றிற் பாயும்படி வழிவாய்களை வைத்தார். 25 இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரிலே, 40 இலட்சம் பேருக்கென்று முன்யோசனையோடு அவர் கட்டினார். நகரமோ 90 இலட்சத்தை எட்டியது. மண்ணாயிருந்த நிலமெல்லாம் தாரும் சீமெந்துமாக மாறியதால், பெய்த மழை நிலத்திற் சுவறாமல் நேரே கால்வாய்க்கு ஓடியது. எப்போதோ ஒருமுறை திறக்க வேண்டிய வழிவாய்கள் ஆண்டுக்கு ஐம்பது தடவைக்கு மேல் திறக்கலாயின. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாதாரணமான ஓர் ஆண்டிலே ஆற்றிற் கலந்த மழைநீருடன் கூடிய கழிவு 390 இலட்சம் தொன் எனக் கணக்கிடப்பட்டது.

இடையிலே அந்த ஆறு பட்ட பாடு சொல்லுந்தரமன்று. 1957 இல் இயற்கை வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தைச் சேர்ந்தோர் அதனை உயிரற்ற ஆறு என்றே தீர்ப்புக் கூறினர். பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தி அமைத்தமையால் ஆறு மெல்ல உயிர்த்தது. 1974 இற் சல்மன் மீன் ஒன்று அங்கே பிடிபட்டபோது மக்கள் அதை ஓர் அதிசயமாகக் கொண்டாடினர். எனினும் மழை பெய்யுந்தோறும் வழிவாய்கள் திறந்தன. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், பிரித்தானியா கழிவுநீர்ச் சட்டத்தை மீறியுள்ளது என்று தீர்ப்பளித்தது. 1858 இல் மூக்கு செய்த வேலையை இம்முறை நீதிமன்றம் செய்தது.

இனிச் செய்யக்கூடியது யாது? நிலத்தின் மேற்படையிலே இடமில்லை. பசல்கெற்றின் கால்வாய்களுக்குக் கீழே புகையிரதச் சுரங்கங்கள், குடிநீர்க் குழாய்கள், மின்கம்பிகள், கட்டிடங்களின் அத்திவாரங்கள் யாவும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே அவை எல்லாவற்றுக்கும் கீழே, ஆற்றின் அடியிலேயே ஒரு பெருஞ்சுரங்கம் அமைத்து, வழிவாய்களில் வரும் நீரை அதில் இறக்கிச் சேமித்துவைத்து, மழை ஓய்ந்தபின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துச்செல்வதென்று முடிவாயிற்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இத்தகைய ஆழ்சுரங்க வேலையை 1975 இலேயே தொடங்கியிருந்தது.

இங்கேதான் நாம் போத்தலிற் கண்ட சிக்கல் பேருருக் கொண்டு எழுகின்றது. மேலேயுள்ள கால்வாயிலிருந்து 60 மீற்றர் கீழேயுள்ள சுரங்கத்துக்கு நீரை எப்படி இறக்குவது? ஒரு குழியை வெட்டி அதிலே கொட்டிவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. தடையின்றி 60 மீற்றர் வீழும் நீர் அடியை அடையும்போது வினாடிக்கு ஏறத்தாழ 34 மீற்றர் வேகம் பெறும். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்திலும் அது கூடியது. ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஒரு தொன். மழைக்காலத்தில் வினாடிதோறும் பல தொன் நீர் அந்த வேகத்தில் ஒரே இடத்தைத் தாக்குமாயின், எந்தக் கொங்கிறீற்றும் நாளடைவிற் குழிந்து சிதையும்.

அதனினும் பெரிய தொல்லை காற்று. நிலைகுலைந்து வீழும் நீர் காற்றைத் தன்னோடு அள்ளிக்கொண்டு இறங்குகின்றது. காற்று சுரங்கத்துட் புகுந்து நீருக்கென்று வைத்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. மேற்கூரையின் கீழே அடைபட்டு அழுத்தம் பெறுகின்றது. பின்னர் வழி கண்ட இடத்திலே வெடித்து மேலேறுகின்றது. அப்போது நீரையும் உடன் தூக்கிக்கொண்டு தெருவிலுள்ள மூடிகளை எறிந்துவிடவுங் கூடும். துர்நாற்றமும் அவ்வழியே ஊருக்குள் வரும். போத்தலின் வாயில் 'குளுக்' என்று கேட்ட அந்தச் சிறு ஓசை, மாநகரத்தின் அடியில் இடிமுழக்கமாகிவிடும்.

இதற்குரிய விடையைத் தெளிவாக எழுதிவைத்தவர் இத்தாலியரான திறியோலி என்பவர். 1947 ஆம் ஆண்டிலே மின்சக்தித் துறைச் சஞ்சிகை ஒன்றில், மிகைநீரை இறக்கும் கிணறுகளுக்கான ஒரு புதுவகைப் புகுவாயைப் பற்றி அவர் எழுதினார். நீர்மின் வேலைகளிலே உயரத்திலுள்ள மிகைநீரைச் சேதமின்றிக் கீழே இறக்கவேண்டிய தேவை அடிக்கடி எழுவதுண்டு. கிணற்றின் நடுவை நோக்கி நீரை விடாமல், அதன் ஓரத்தைத் தொட்டுச் செல்லுமாறு ஒருபக்கமாக விடுங்கள் என்பதே அவர் காட்டிய வழியின் சாரம். அதனை நாம் 'சுழிக்கிணறு' என்று அழைப்போம். மறு ஆண்டிலே, 1948 இல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பின்னி, ஹூக்கிங்ஸ் என்னும் இருவர் நீர்ச்சுழிகளைப் பற்றிய தம் ஆய்வுகூடச் சோதனைகளை வெளியிட்டனர். சுழி ஏட்டிலிருந்து தொழிலுக்கு இறங்கத் தொடங்கிய காலம் அது.

சுழிக்கிணறு வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்குவோம். கால்வாயில் வரும் நீர், நத்தை ஓட்டைப் போல வளைந்து குறுகும் ஒரு புகுவாயின் வழியே கிணற்றினுள் ஓரமாக நுழைகின்றது. நேரே வந்த ஓட்டம் அங்கே வட்ட ஓட்டமாகின்றது. கயிற்றிற் கட்டிய கல்லைச் சுழற்றும்போது, கயிறு விரலிற் சுற்றிக் குறுகக் குறுகக் கல் விரைந்து சுற்றுவதைச் சிறுவர் அறிவர். அவ்வாறே நீரும் வட்டம் குறுகும்போது விரைந்து சுழல்கின்றது. விரைந்து சுழலும் பொருள் வெளிப்புறம் விலக முயல்வது இயல்பாகலின், நீர் கிணற்றுச் சுவரோடு நெருங்கி ஒட்டிக்கொள்கின்றது. ஆகவே அது ஒரு தூணைப் போல வீழ்வதில்லை. சுவருக்கு உட்புறமாக விரித்த ஓர் உறையைப் போலத் திருகித் திருகி இறங்குகின்றது.

இதனால் உண்டாகும் நன்மைகள் இரண்டு. சுவரோடு உராய்ந்து நெடுவழி இறங்குவதால், வீழ்ச்சியாற் பெற்ற சக்தியின் பெரும்பகுதியை நீர் வழியிலேயே இழந்துவிடுகின்றது. அடியை அடையும்போது அதன் வெறி அடங்கியிருக்கும். மற்றது, கிணற்றின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு காற்றுத்தூண் திறந்தே நிற்கின்றது. கீழே அகப்பட்ட காற்று அவ்வழியாக அமைதியாய் மேலேறலாம். நீருக்கும் காற்றுக்கும் வெவ்வேறு பாதை கிடைத்தமையால் மல்லுக்கட்டு ஒழிந்தது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. நீர் அளவு மீறி வந்தால் உறை தடித்து நடுவழி அடைபட்டுவிடும். அடைபட்டால் பழைய போராட்டம் மீண்டும் தொடங்கும். ஆதலால் மிகப் பெரிய வெள்ளத்திலும் கிணற்றின் குறுக்குப் பரப்பில் நாலில் ஒரு பங்கேனும் காற்றுக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்று பொறியியலாளர் விதித்துக்கொண்டனர். அடியிலே ஒரு விசாலமான அறையை அமைத்து, நீர் சற்றே தங்கித் தன்னிடமுள்ள குமிழிகளை விட்டுவிட்டுச் சுரங்கத்துட் செல்லும்படியும் செய்தனர்.

இந்த முறையை நகரக் கழிவுநீருக்கென்று விரிவாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழக நீரியல் ஆய்வுகூடத்தினர் குறிப்பிடத்தக்கவர். மில்வோக்கி நகரத்தின் ஆழ்சுரங்கத்துக்காக, ஜெயின், கெனடி என்னும் பேராசிரியர் இருவர் 1983 இல் தம் ஆய்வின் முடிவுகளை அறிக்கையாக அளித்தனர். நத்தை ஓட்டைப் போன்ற வாயைக் கட்டுவது கடினம். அதற்குப் பதிலாக, சாய்ந்து ஒடுங்கும் ஒரு நேர்க்கால்வாயைக் கிணற்றின் ஓரத்திற் பொருத்தினாலே போதிய சுழற்சி பிறக்கும் என்று அவர்கள் மாதிரிகளைக் கொண்டு காட்டினர். அந்த நகரத்தின் சுரங்கம் 1990களிற் பணிக்கு வந்தது. சிலவிடங்களில் அது 90 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் செல்கின்றது.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 2014 இல் அனுமதி கிடைத்து, 2016 இல் கட்டட வேலை தொடங்கியது. மேற்கே அக்ரன் என்னுமிடத்திலிருந்து கிழக்கே அபி மில்ஸ் வரை 25 கிலோமீற்றர் நீளம், 7.2 மீற்றர் விட்டம். மேற்கில் 30 மீற்றர் அளவிலிருந்து கிழக்கில் 60 மீற்றருக்கும் மேலாக ஆழம். நீர் தானே கிழக்கு நோக்கிச் செல்லும்படி சாய்வு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாய்வைப் பசல்கெற் கண்டால் தம் கைவேலையின் தொடர்ச்சி என்றே அறிந்துகொள்வார். சுரங்கம் தோண்டும் வேலை 2022 ஏப்ரலில் முடிந்தது. வழிவாய்களோடு அதனை இணைக்கும் 21 இணைப்புகளும் 2025 பெப்ரவரியில் நிறைவேறின. முன்னரே கட்டிமுடித்த லீச் சுரங்கத்தோடு சேர்த்து, 16 இலட்சம் கன மீற்றர் நீரை அது தாங்கவல்லது.

ஆற்றோரத்திலே வெட்டிய இறங்கு குழிகள் பலவற்றில் சுழிக்கிணறுகள் அமைந்திருக்கின்றன. மேலே பசல்கெற் காலத்துச் செங்கற் கால்வாய். கீழே இந்நூற்றாண்டின் கொங்கிறீற்றுச் சுரங்கம். இரண்டையும் இணைக்கும் ஏணியாக நிற்பது சுழன்று இறங்கும் நீர். 1858 இன் இரண்டு காரியங்களும் அந்தக் கிணற்றுள்ளேதான் ஒன்றையொன்று சந்தித்தன என்று சொல்லத் தோன்றுகின்றது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பசல்கெற் தவறு செய்தார் என்பதன்று. தம் காலத்துக்கு வேண்டியதைத் தம் காலத்து அறிவுகொண்டு, அதற்கும் சற்று மேலாகவே அவர் செய்தார். பின்வந்தோர் அந்தக் கால்வாய் என்றும் போதும் என்று இருந்துவிட்டதுதான் தவறு. நிலத்துக்குக் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததற்குப் பணம் செலவிட எவருக்கும் மனம் வருவதில்லை. நாற்றம் எழும்போதோ நீதிமன்றம் கண்டிக்கும்போதோதான் அதன் நினைவு வருகின்றது. சுழியின் விதி 1858 இல் வெளிவந்துவிட்டது. சுழிக்கிணற்றின் அமைப்பு 1947 இல் எழுதப்பட்டுவிட்டது. வழிவாய்கள் ஆற்றிற் கழிவைக் கொட்டுவதும் அந்தக் காலமெல்லாம் தெரிந்தே இருந்தது. அறிவு காத்திருந்தது, தேவையும் காத்திருந்தது, இரண்டையும் கூட்டிவைக்கும் மனம் மட்டுமே பிந்தியது. 1866 இற் கிழக்கு இலண்டனில் இறந்தவர்கள், வேலை பிந்தியதற்காக உயிரைக் கொடுத்தவர்கள்.

மற்றுமொன்று. நீரோடு போராடி வென்றவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். சுழிக்கிணறு கட்டியவர்கள் நீரோடு போராடவில்லை. வீழ்வது நீரின் இயல்பு. அதைத் தடுக்க அவர்கள் முயலவில்லை. சுழல்வதும் நீரின் இயல்பு. அந்த இயல்பையே வீழ்ச்சிக்குக் கடிவாளமாக்கினார்கள். ஆளை விழுங்கும் என்று அஞ்சிய சுழி, ஒரு நகரத்தின் அழுக்கை அமைதியாகச் சுமந்து இறங்கும் பணியாளாயிற்று.

அடுத்த முறை நீங்கள் ஒரு போத்தலைக் கழுவிக் கவிழ்க்கும்போது, கையை ஒருமுறை சுழற்றிவிடுங்கள். நடுவே திறக்கும் அந்தச் சிறு வழியைப் பாருங்கள். மாநகரம் ஒன்று தன் அடிநிலத்திலே செய்துவைத்த காரியம் உங்கள் கையிலேயே நடப்பதைக் காண்பீர்கள்.